குருளைகளை எண்ணிய குதிரைப்படைத் தலைவர்

ஒரு வீட்டிற் பெட்டை நாய் குட்டி ஈன்றதெனக் கேள்வியுற்றால், அயலவர் வாயிலிருந்து முதற்கண் எழும் வினா எத்தனை குட்டி என்பதே. அவற்றுள் எத்தனை கடுவன் என்பது அடுத்த வினா. தாயின் நலமும் குட்டிகளின் நலமும் பின்னரே வினவப்படும். பசு ஓர் ஈற்றில் ஒரு கன்றை ஈனும். ஆடு ஒன்றோ இரண்டோ ஈனும். நாயோ ஒன்றும் ஈனும், பத்தும் ஈனும். ஆதலால் எத்தனை பிறத்தல் நன்று, பிறந்தவற்றுள் எத்தனையை வளர்த்தல் நன்று என்னும் இரு வினாக்களும் மேனாட்டு நாய்வளர்ப்போரிடையே நெடுங்காலமாக வழக்கிடப்பட்டு வருகின்றன.

அவ்வழக்கிலே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, உலகெங்கும் இன்று காணப்படும் ஒரு நாய்க்குலத்தை உருவாக்கியவர் ஜேர்மனியரான மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ். நம் நாட்டில் அல்சேஷன் என வழங்கும் நாயை அறியாதார் இலர். அதனை ஆக்கியவரை அறிந்தாரோ சிலரே. தமிழாசிரியன் ஒருவன் இவர் வரலாற்றை எழுதப் புகுவது என்னையெனின், கூறுவேன். ஈற்றுக் கணக்கு என்னும் சிறு வாயிலினூடாக இவர் வாழ்வை நோக்குவோர்க்கு, மனிதர் மனிதரை எண்ணும் முறை பற்றியும் ஓர் உண்மை புலனாகும். மாணாக்கரைத் தேறியோர் என்றும் தேறாதோர் என்றும் வகுப்பதைத் தொழிலின் ஒரு கூறாகக் கொண்ட எம்போன்றோர்க்கு அவ்வுண்மை மிகவும் வேண்டப்படுவது.

சொல் வழக்கு ஒன்றை முதலில் தெளிவுபடுத்துதல் நலம். நாயின் இளமைப் பெயர் குருளை எனத் தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. ஒருமுறை ஈனுதலை ஈற்று என்பது நூல் வழக்கு. கமக்காரர் அதனை ஈத்து என்பர். ஒரே முறையிற் பிறந்த குருளைகளின் தொகுதியையும் இக்கட்டுரையில் ஈற்று என்றே குறிப்பேன்.

ஸ்ரெபானிற்ஸ் 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதி சக்சனி நாட்டுத் தலைநகராகிய டிறெஸ்டனிற் பிறந்தார். உயர்குடியிற் பிறந்த இளைஞர் படைத்தொழிலை மேற்கொள்வது அக்கால வழக்கு. அவ்வாறே இவரும் குதிரைப்படையிற் சேர்ந்து அதிகாரியானார். படைப்பணிக் காலத்திற் பேர்லின் மிருகவைத்தியக் கல்லூரியிலே சிலகாலம் பணியாற்றும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. எலும்பின் சாய்வு, தசையின் இயக்கம், கருவின் வளர்ச்சி, குடிவழியாக இறங்கும் இயல்புகள் ஆகியவற்றை அங்கே கற்றறிந்தார். குதிரையை நோக்கிப் பழகிய கண் அவருடையது. ஒரு விலங்கின் அழகு அதன் தொழிலுக்கு ஏற்ற அமைப்பே என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது இக்காலத்திலேயாம்.

ஜேர்மனியின் மேய்ச்சல் நிலங்களில் அந்நாளில் ஆட்டுமந்தைகளைக் காத்துவந்த நாய்கள் பல திறத்தன. துரிங்கியப் பகுதியின் நாய்கள் ஓநாய் நிறமும் நிமிர்ந்த செவியும் உடையன, உருவிற் சிறியன. வியூற்றெம்பேர்க் பகுதியின் நாய்கள் பெரிய உடலும் அமைந்த குணமும் உடையன. இடையர் தொழிற்றிறன் ஒன்றையே நோக்கி இவற்றை வளர்த்தனர். அவர்களுக்குக் குடிவழி ஏடு இல்லை, உருவிலக்கணமும் இல்லை. இந்நாய்களை ஒரு குலமாக்க விரும்பிய சிலர் 1891ஆம் ஆண்டில் வைலாக்ஸ் என்னும் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். அது மூன்றாண்டுகளே நிலைத்து 1894இற் கலைந்தது. புறத்தோற்றமோ தொழிற்றிறனோ முதன்மையுடையது என்னும் பிணக்கிலிருந்து அச்சங்கத்தார் மீளவில்லை.

1898இல் ஸ்ரெபானிற்ஸ் படையிற் கப்பித்தான் பதவி பெற்றார். அவ்வாண்டிலேயே படைத்தொழிலை விட்டு நீங்கினார். பவேரியாவிலுள்ள கிராப்ராத் என்னும் ஊரிலே அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. 1899ஆம் ஆண்டு ஏப்பிரில் 3ஆந் திகதி, ஆர்தர் மேயர் என்னும் நண்பரோடு கார்ள்சுரூ நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சியொன்றுக்குச் சென்றார். அங்கே ஓநாயைப் போன்ற சாம்பனிற மேனியும், உறுதியான உடலும், எவரையும் பொருட்படுத்தாது நிற்கும் பெருமிதமும் வாய்ந்த ஒரு கடுவன் நாய் அவர் கண்ணிற் பட்டது. அதன் பெயர் ஹெக்ரர் லிங்ஸ்றைன், வயது நான்கு. 200 மார்க் கொடுத்து அங்கேயே அதனை வாங்கினார். தம் பண்ணையின் பெயரைச் சேர்த்து அதற்கு ஹொறாண்ட் வொன் கிராப்ராத் என்னும் புதுப்பெயர் சூட்டினார்.

பத்தொன்பது நாட்களின் பின்னர், ஏப்பிரில் 22ஆந் திகதி, ஜேர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கம் தோன்றிற்று. ஸ்ரெபானிற்ஸ் அதன் தலைவரானார், மேயர் செயலாளரானார். மந்தை உரிமையாளர் மூவர், தொழிற்சாலை உரிமையாளர் இருவர், கட்டடக்கலைஞர் ஒருவர், நகர முதல்வர் ஒருவர், விடுதிக்காரர் ஒருவர், நீதவான் ஒருவர் ஆகியோர் அவர்களுடன் சேர்ந்து அதனை நிறுவினர் என்பர். சங்கத்தின் குடிவழி ஏட்டிலே முதலாம் இலக்கத்திற் பதியப்பெற்றது ஹொறாண்டின் பெயர். இன்றுள்ள ஜேர்மன் மேய்ப்பு நாய்களின் குடிவழிகள் அந்த முதல் இலக்கத்திற் சென்று முடிகின்றன.

குலமொன்றை ஆக்குவோர்க்கு இரு வழிகள் உள. பலவற்றையும் கலந்து பெருக்கிக் காலப்போக்கில் நல்லனவற்றைப் பொறுக்குதல் ஒரு வழி. மெச்சிய ஒன்றின் இரத்தத்தையே மீண்டும் மீண்டும் சேர்த்து அதன் இயல்பை உறுதியாக்குதல் மற்றொரு வழி. ஸ்ரெபானிற்ஸ் இரண்டாவதை மேற்கொண்டார். ஹொறாண்டின் மகன் ஹெக்ரர் வொன் ஸ்வாபென் 1900, 1901 ஆகிய ஈராண்டுகளிலும் சங்கத்தின் முதன்மைப் பரிசைப் பெற்றது. அதனை ஹொறாண்டின் மகளாகிய தெக்லா என்னும் பெட்டையோடு சேர்த்தனர். ஒரே தந்தைக்குப் பிறந்த அவ்விரண்டின் குருளைகளான பேயோவுல்வ், பிலோட் என்பன பின்வந்த தலைமுறைகளுக்குத் தூண்களாயின.

இனி ஈற்றுக் கணக்குக்கு வருவோம். பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமக்கின்றது. குருளைகளின் தொகை, பெட்டையின் சினைப்பையிலிருந்து வெளிப்படும் முட்டைகளின் தொகையையும், அவற்றுட் கருவாகி நிலைப்பவற்றின் தொகையையும் பொறுத்தது. சிற்றினங்கள் ஒன்று முதல் நான்கு வரை ஈனும். பேரினங்கள் எட்டும் அதற்கு மேலும் ஈனும். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மாஸ்ரிவ் இனப் பெட்டை ஒன்று ஓர் ஈற்றில் 24 குருளைகளை ஈன்றமை உலக அருஞ்செயல் ஏட்டிற் பதியப்பட்டுள்ளது. மேய்ப்பு நாய்ப் பெட்டை பேரினத்தைச் சேர்ந்தது; ஏழு, எட்டுக் குருளைகளை ஈனுதல் அதற்கு இயல்பு; பத்தும் அரிதன்று.

பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் எட்டு முதற் பத்து வரை முலைகள் உண்டு. ஆயின் அவையெல்லாம் ஒரே அளவு பால் சுரப்பன அல்ல. பின்வரிசையிற் பால் மிகுதி, முன்வரிசையிற் குறைவு. பிறந்த முதல் நாளிலே சீம்பால் கிடையாத குருளை நோயை எதிர்க்கும் வலியின்றி வாடும். பிறந்த குருளைக்குக் கண் திறவாது, செவி கேளாது, தன் உடற்சூட்டைத் தானே காக்கவும் இயலாது. பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட நாட்களிலேதான் கண் திறக்கும். இவ்விரு கிழமையிலும் வலிய குருளை மெலியதைத் தள்ளிவிட்டு நல்ல முலையைப் பற்றிக்கொள்ளும். ஈற்றுப் பெருகுமாயின் ஒவ்வொன்றின் பிறப்பு நிறையும் குறையும். தாயும் தன் எலும்பிலுள்ள சுண்ணச்சத்தைப் பாலாக வார்த்துக் கொடுத்துச் சிலவேளை வலிப்புக்கண்டு விழும். ஈற்று மிகச் சிறுகினும் இடர் உண்டு. ஒற்றைக் குருளை கருவிலே மிகப் பருத்துப் பேற்றைத் தடுத்தலும் கூடும்.

ஆகவே நாய்வளர்ப்போர் விருப்பம் அவரவர் நோக்கத்துக்கு ஏற்ப வேறுபடும். விற்பனையே குறியானவன் பெரிய ஈற்றை விரும்புவான்; குருளை ஒவ்வொன்றும் அவனுக்குக் காசு. கண்காட்சிப் பரிசை நாடுவோன் பல பிறக்கவேண்டுமென்று விரும்புவான். பொறுக்குவதற்குப் பரப்பு வேண்டுமென்பது அவன் கருத்து. தன் பெட்டையைக் குடும்பத்துள் ஒன்றாகப் பேணுவோன் ஐந்தோ ஆறோ போதுமென்பான். முதலீற்றாயின் அதனினும் குறையினும் வருந்தான். இம்மூவருள் முதல்வனைச் சங்கத்திலிருந்து அகற்றுவதே ஸ்ரெபானிற்ஸின் முயற்சியாயிற்று. காசுக்காக நாயைப் பெருக்குவோர் கையிற் குலம் கெடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அதன் பொருட்டு அவர் அமைத்த ஏற்பாடே இனவளர்ப்புக் காவலர் முறை. சங்கத்தின் கிளைதோறும் அறிவும் அனுபவமும் மிக்க ஒருவர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். எப்பெட்டையை எக்கடுவனோடு சேர்ப்பது என்பது பற்றி அவர் அறிவுரை கூறுவார். குருளை பிறந்தபின் வீடு தேடிச் சென்று ஈற்றைப் பார்வையிடுவார். தாயின் நிலையையும் குருளைகளின் நிலையையும் ஆராய்வார். ஒரு தாயிடம் ஆறு குருளைகளுக்கு மேல் விடலாகாது என்பது அச்சங்கத்தாரிடையே நெடுங்காலம் நிலவிய முறை. மிகுந்தவற்றுக்குச் செவிலித்தாய் தேடவேண்டும். அண்மையில் ஈன்று பாலுள்ள வேறொரு பெட்டையிடம் அவற்றை விட்டு வளர்ப்பது வழக்கம். முன்யோசனை உடையோர் ஏதேனும் ஓர் எளிய நாயை ஒத்த காலத்தில் ஈனுமாறு ஏற்பாடு செய்து வைத்திருப்பர். நம் அகத்திணை இலக்கியத்தில் நற்றாயும் செவிலியும் ஒரு மகளை வளர்ப்பதைக் கற்றவர்க்கு இச்செய்தி இனிதாகவே தோன்றும்.

செவிலி கிடையாதவிடத்து நிகழ்ந்ததோ இனிதன்று. மிகுந்த குருளைகள் பிறந்த அன்றோ மறுநாளோ மாய்க்கப்பட்டன. இது ஸ்ரெபானிற்ஸ் புதிதாகப் புகுத்திய கொடுமை அன்று. அக்கால ஐரோப்பாவின் கமக்காரரும் வேட்டைக்காரரும் நாய்வளர்ப்போரும் இயல்பாகவே கைக்கொண்ட வழக்கம். தாய் நலியாமல் இருக்கவும் எஞ்சியவை நன்கு வளரவும் வேறு வழியில்லை என்றே அவர்கள் கருதினர். குருளைக்கென்று செய்த பால்மாவும் வெப்பப் பெட்டியும் வீடுகளிற் காணப்படாத காலம் அது. இதனை மறந்து அவர்களைப் பழித்தல் முறையன்று.

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒன்பது குருளைகளுள் ஆறை நிறுத்துவோன் எந்த ஆறை நிறுத்துவான்? பிறந்த நாளிலே குருளையிடம் காணத்தக்கவை நிறையும் நிறமும் வெளிப்படையான ஊனங்களுமே. மேய்ப்பு நாயின் செவி நிமிர்வதற்கு மாதங்கள் செல்லும். அதன் அறிவும் துணிவும் பொறுமையும் விளங்குவதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். குலத்தின் உயிரெனத் தாம் கருதிய குணங்களை முதல்நாட் பொறுக்குதலிற் காண இயலாது என்பதை ஸ்ரெபானிற்ஸ் அறியாதவர் அல்லர். அதனாலன்றோ வளர்ந்த நாய்களை மீண்டும் சோதித்து இனவிருத்திக்குத் தக்கன எவையெனத் தேரும் முறையை 1922இல் ஏற்படுத்தினார். எனினும் அச்சோதனைக்கு வந்து சேர்பவை முதல்நாட் கண்ணுக்குத் தப்பியவை மாத்திரமே.

நிறத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஹொறாண்டின் தாய்வழிப் பாட்டனாகிய கிறைவ் வெண்ணிற நாய். குலத்தின் முதல்வனுடைய இரத்தத்திலேயே வெண்மை கலந்திருந்ததாகலின், ஈற்றுக்களில் இடையிடையே வெண்குருளை பிறத்தல் இயல்பு. ஆயின் 1933இல் வெண்ணிறம் ஜேர்மனியில் விலக்கத்தக்க குற்றமென விதிக்கப்பட்டது. அதன்பின் வெண்குருளை பிறந்த வீட்டில் யார் முதலில் விலக்கப்படுவார் என்பதில் ஐயமேது? பாட்டனுக்கு இடமில்லாத வீட்டிற் பேரனுக்கு முதலிலக்கம் கிடைத்த வியப்பை இங்கே காண்கின்றோம்.

நெருங்கிய உறவிற் சேர்த்து வளர்த்தலின் மற்றொரு விளைவும் ஈற்றுக் கணக்கிலேயே வெளிப்படுகின்றது. இரத்த நெருக்கம் மிகுந்தோறும் ஈற்றின் தொகை குறைகின்றது. பிறந்தவற்றுட் பிழைப்பனவும் குறைகின்றன. இதனை இக்கால மரபியல் ஆராய்ச்சி நன்கு நிறுவியுள்ளது. மனிதன் பொறுக்குமுன்னரே இயற்கை கருவறையிற் பொறுக்கத் தொடங்கிவிடுகின்றது என்க. குறையும் ஈற்று, குலத்தின் குறையைக் கூறும் மணியோசை. ஸ்ரெபானிற்ஸ் இவ்வறிவியல் முழுதும் விளையுமுன் வாழ்ந்தவர். ஆயினும் தம் குலம் தவறான வழியிற் செல்வதைக் கண்டவிடத்துத் திருத்த அஞ்சினாரல்லர். 1920ஆம் ஆண்டுகளில் நாய்கள் வரவர உயர்ந்து பருத்துத் தொழிற்றிறன் குன்றின. 1925ஆம் ஆண்டுப் போட்டியிலே அந்நாளைய விருப்பத்துக்கு மாறாக, உயரம் குறைந்து நீண்ட உடலமைந்த குளோடோ வொன் பொக்ஸ்பேர்க் என்னும் நாய்க்கு முதலிடம் கொடுத்துக் குலத்தின் போக்கை மாற்றினார். தம் கைப்படைப்பின் பிழையைத் தாமே காணும் கண் அவருக்கு இருந்தது.

இதனிடையே ஜேர்மனியின் மேய்ச்சல் நிலங்கள் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் இடங்கொடுத்துச் சுருங்கின. மந்தையின்றி மேய்ப்பு நாய்க்கு ஏது வாழ்வு? ஸ்ரெபானிற்ஸ் தளராது பொலிஸ் நிலையங்களையும் படைத்துறையையும் நாடினார். முதலாம் உலகப் போரிலே அவருடைய நாய்கள் ஆயிரக்கணக்கிற் செய்தி சுமந்தன, காயமுற்றோரைத் தேடின. 1916இல் ஒல்டன்பேர்க் நகரில் வைத்தியர் கேர்ஹார்ட் ஸ்ராலிங் போரிற் பார்வை இழந்த வீரர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் பள்ளியைத் தொடங்கினார். கண்ணிழந்தோர்க்குக் கண்ணான அத்தொண்டு பின்னர் உலகெங்கும் பரவியது. ஸ்ரெபானிற்ஸின் படைப்பு பெற்ற பேறுகளுள் இதனையே யான் தலையாயதாகக் கொள்வேன்.

அப்போரின் இறுதியில் நிகழ்ந்த ஒன்று ஈற்றுக் கணக்கோடு தொடர்புடையது. 1918 செத்தெம்பரிற் பிரான்சின் லொறெயின் பகுதியிற் குண்டுவீச்சுக்கு இலக்கான நாய்க்கொட்டில் ஒன்றிலே, பட்டினியால் வாடிய ஒரு தாயையும் கண் திறவாத ஐந்து குருளைகளையும் லீ டங்கன் என்னும் அமெரிக்கப் படைவீரர் கண்டெடுத்தார். அவற்றுள் இரண்டைத் தமக்கென வைத்துக்கொண்டார். அவ்விரண்டில் ஒன்றே பின்னாளிற் படக்காட்சிகளில் நடித்து உலகப் புகழ்பெற்ற றின் ரின் ரின். அக்கொட்டிலுக்குள் நுழைந்தவர் இனவளர்ப்புக் காவலர் அல்லர்; உருவிலக்கணம் அறிந்தவரும் அல்லர். உயிரோடிருந்தவை அனைத்தையும் எடுத்துச் சென்ற ஒரு மனிதர்.

போரின் பின்னர்ச் சங்கம் பெரிதும் வளர்ந்தது. 1923 அளவிற் 50,000 உறுப்பினர் தமக்கு உளரென அது கூறிற்று. இங்கிலாந்தினரோ போரின் கசப்பால் ஜேர்மன் என்னும் சொல்லையே வெறுத்து, 1919இல் அந்நாய்க்கு அல்சேஷன் எனப் பெயர் சூட்டினர். நம் நாட்டு வழக்கு அதிலிருந்து வந்ததே. இங்கிலாந்தில் 1977இற் பழைய பெயர் மீண்டும் இடம்பெற்றது. நம்மவர் நாவில் அல்சேஷன் நிலைத்துவிட்டது.

இதுகாறும் கூறியவற்றாற் சிறந்த ஓர் ஆக்குநராகவே ஸ்ரெபானிற்ஸ் காட்சியளிப்பார். வரலாற்றை முழுமையாகச் சொல்லுதலே நேர்மை. மேய்ப்பு நாய் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1923இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நாயின் எலும்பு முதல் ஈற்றுப் பேணல் வரை அதிற் பேசப்படாத பொருள் இல்லை. ஆயின் நாய்க்குலத்தின் தூய்மையைப் பேசிய அதே வாயால் மனித இனத்தின் தூய்மையையும் அவர் பேசினார். யூதரை இழிவுபடுத்தும் கருத்துக்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. குருளைகளை நோக்கிய கண்ணை அவர் அயல்வீட்டு மனிதர் மீதும் திருப்பினார். அக்கண் அவருக்கு மாத்திரம் உரியதாயிருக்கவில்லை. அக்காலக் கற்றோர் பலருடைய கண்ணும் அதுவே.

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. அவ்வாண்டு ஜூலை 14ஆந் திகதி, பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டோரைப் பிள்ளைப்பேறற்றவராக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நவம்பர் 24ஆந் திகதி விலங்குகளைத் துன்புறுத்தலாகாது என்னும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே அரசு, ஒரே ஆண்டு, நான்கு மாத இடைவெளி. இவ்விரு திகதிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது என் உள்ளம் நடுங்குகின்றது. விலங்கின்பால் இரக்கமும் மனிதன்பால் இரக்கமின்மையும் ஒரே நெஞ்சில் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

புதிய ஆட்சியினர் நாய்ச் சங்கங்களையும் தம் ஆணைக்குக் கீழ்ப்படுத்தினர். தாம் முப்பத்தாறு ஆண்டு கட்டிக்காத்த சங்கத்திலே பிறர் கட்டளையிடுவதை ஸ்ரெபானிற்ஸ் பொறுத்தாரல்லர். தடுப்பு முகாமுக்கு அனுப்பப்படுவார் என அவர் அச்சுறுத்தப்பட்டதாகவும் வரலாறு எழுதியோர் கூறுவர். 1935இல் அவர் சங்கத்தை விட்டு நீங்கினார். மறு ஆண்டு, 1936 ஏப்பிரில் 22ஆந் திகதி, பிறந்த ஊராகிய டிறெஸ்டனிற் காலமானார். அது அவர் சங்கத்தை நிறுவிய அதே நாள். முப்பத்தேழாவது ஆண்டு நிறைவு.

அவர் கண்மூடி நான்கு ஆண்டுகளின் பின்னர், அந்த டிறெஸ்டனுக்கு அண்மையிலுள்ள பிர்னா என்னும் ஊரிற் சொனன்ஸ்ரைன் மாளிகை கொலைக்களமாக்கப்பட்டது. 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் உளநோயாளரும் அறிவு வளர்ச்சி குன்றியோருமாக 13,720 பேர் அங்கே நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். வளர்த்தற்குத் தகாதோர் என்னும் பட்டியல் நாய்க்கொட்டிலைக் கடந்து மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. இக்கொடுமைக்கு ஸ்ரெபானிற்ஸைப் பொறுப்பாளராக்குதல் நீதியன்று. அவர் அதனைச் செய்தாருமல்லர், காண உயிரோடிருந்தாருமல்லர். ஆனால் பொறுக்குதலே நன்மை என்னும் எண்ணத்தை ஊர்தோறும் பழக்கமாக்கியவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறைத்தலும் நீதியன்று.

1945 ஏப்பிரில் மாதத்தின் தொடக்கத்திற் பேர்லினில் ஹிட்லரின் மேய்ப்பு நாயாகிய புளொண்டி ஐந்து குருளைகளை ஈன்றது. அம்மாத இறுதியில், நஞ்சின் வலியைச் சோதிக்கும் பொருட்டு அத்தாய்க்கு நஞ்சூட்டினர். குருளைகளைச் சுட்டுக் கொன்றனர். லொறெயினிற் கண்டவையும் ஐந்து. பேர்லினிற் பிறந்தவையும் ஐந்து. முன்னவை எதிரிநாட்டு வீரர் கையிற் பிழைத்தன. பின்னவை வளர்த்தோர் கையில் மாண்டன. ஈற்றின் தொகை ஒன்றாயினும், எண்ணுவோர் உள்ளம் வேறாயின் விதியும் வேறாகும்.

இன்று நிலைமை மாறியுள்ளது. ஜேர்மனியின் 1972ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். தொகை மிகுந்தது என்பதற்காக நலமுள்ள குருளையை மாய்த்தல் இன்று அங்கே ஏற்கப்படுவதில்லை. பால்மாவும் புட்டியும் கொண்டு இரண்டு மணிக்கொருமுறை ஊட்டி, நாள்தோறும் நிறுத்துக் குறித்து, பெரிய ஈற்றையும் காக்கின்றனர். மெலிந்தவற்றுக்கு முதலில் நல்ல முலையைக் கொடுத்து வலியவற்றைச் சற்று விலக்கிவைப்பதும் நல்ல வளர்ப்போர் கைக்கொள்ளும் முறை. ஒரு பெட்டை எத்தனை முறை ஈனலாம் என்பதற்கும் பல நாட்டுச் சங்கங்கள் எல்லை வகுத்துள்ளன. தாயின் நலமே அளவு என்று ஸ்ரெபானிற்ஸ் கண்ட பகுதி நிலைத்தது. மிகுந்ததை அழி என்னும் பகுதி கழிந்தது.

இவர் வாழ்வை எடைபோடுமிடத்து யான் இவ்வாறு கருதுகின்றேன். தாய் தாங்கக்கூடிய அளவுக்கு ஏற்ப ஈற்றைப் பேணவேண்டும் என்றது அறிவு. காசுக்காக உயிர்களைப் பெருக்குதல் தகாது என்றது அறம். இவ்விரண்டிலும் அவர் நமக்கு ஆசிரியரே. முதல்நாட் கண்கொண்டு ஓர் உயிரின் முடிவைத் தீர்மானிக்கலாம் என்றது மயக்கம். அம்மயக்கத்தை மனிதர் மீதும் ஏற்றியது பிழை. திருவள்ளுவர் கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது மனிதரை வேறாகவும் விலங்கை வேறாகவும் பிரித்தாரில்லை. உயிர் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் அணைத்தார். அணைத்தலின் எல்லை சுருங்குமிடத்துப் பொறுக்குதல் கொலையாகும் என்பதே ஸ்ரெபானிற்ஸின் காலம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

வகுப்பறையிலே ஆசிரியன் முன் அமரும் பிள்ளைகள் நாற்பதின்மராயினும் ஐம்பதின்மராயினும் அவன் பொறுக்கியெடுத்தவர் அல்லர். முதல் தவணையில் மந்தமாயிருந்தவன் மூன்றாந் தவணையில் முன்வரிசைக்கு வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். சில பிள்ளைகளுக்குக் கண் திறக்கப் பதினான்கு நாள் போதாது. பதினான்கு ஆண்டும் வேண்டியிருக்கும். தொகை மிகுந்து ஆசிரியன் இளைக்குமிடத்துச் செவிலி தேடுவதே முறை. மற்றோர் ஆசிரியரையும் மற்றொரு வகுப்பையும் கேட்டுப் பெறுதல் நம் கடன். பின்வரிசையில் இருப்போனை மிகையென்று கணக்கிலிருந்து நீக்குதல் ஒருபோதும் நம் தொழில் அன்று.